இரவில் வந்து போவது யார்? டிரெயில் கேமரா பற்றி வாசகர் கேள்விகள்

ஆள் பக்கத்தில் இல்லாமலேயே விலங்குகளைப் படம் பிடிக்கும் டிரெயில் கேமரா பற்றிப் போன இதழில் இரண்டு வரி எழுதினாலும் எழுதினோம், கேள்விகள் குவிந்துவிட்டன. பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: எங்கள் தரைவீட்டில் மாமரமும் சிக்கு (சப்போட்டா) மரமும் இருக்கின்றன. பழுத்த பழம் காலையில் பாதிதான் மிஞ்சுகிறது, ராத்திரியில் கூரை மேல் தடதடவென்று ஓட்டம். எலி என்கிறார் கணவர், பூனை என்கிறார் மாமியார். இந்தக் கேமராவை வாங்கி வைத்தால் தெரிந்துவிடுமா?
– வாசகி, சிக்லாப்

பதில்: தெரிந்துவிடும். ஆனால் படம் வருவதற்கு முன்பே சொல்கிறேன், முசாங்காகத்தான் இருக்கும். நம் ஊரில் மரநாய் என்போமே, அதேதான். உங்கள் சிக்லாப், ஒப்பேரா எஸ்டேட் பக்கம் அது பல காலமாகவே குடியிருக்கிறது. பழமும் தின்னும், எலியும் பிடிக்கும். மரத்தடியில் பாண்டான் இலை வாசம் அடித்தால் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், அது பூனை இல்லை.

கேமராவை மரத்தைப் பார்த்து வைக்க வேண்டாம், இலை கிளையெல்லாம் ஆடி வெறும் படமாக விழும். அது வந்து போகும் வழியைக் கண்டுபிடியுங்கள்: மதிலின் மேல்விளிம்பில் பாசி தேய்ந்த இடம், கூரைமேல் சாய்ந்த கிளை, விதை விதையாகக் கிடக்கும் எச்சம். அந்த வழிக்குச் சற்றுச் சாய்வாக, மூன்று நான்கு மீட்டர் தள்ளி வையுங்கள். நேர் குறுக்காக வைத்தால் விலங்கு சட்டென்று கடந்துவிடும், உங்களுக்கு வால் மட்டும் கிடைக்கும். தரையில் நடப்பதைப் பிடிக்க வேண்டுமென்றால் முழங்கால் உயரமே போதும், பலர் ஆள் உயரத்தில் கட்டிவிட்டு விலங்கே வரவில்லை என்று குறைப்படுகிறார்கள். கேமராவின் முகம் வடக்கையோ தெற்கையோ பார்க்கட்டும். சிங்கப்பூரில் காலை, மாலை வெயில் கிழக்கு மேற்காகத்தான் அடிக்கும், அது லென்ஸில் விழுந்தால் படம் வெளுத்துவிடும்.

இரவில் படம் எடுக்கக் கேமரா வீசும் அகச்சிவப்பு வெளிச்சத்தில் இரண்டு வகை உண்டு. 850 நானோமீட்டர் என்று போட்டிருந்தால் வெளிச்சம் தூரம் போகும், ஆனால் விளக்கு மங்கலான சிவப்பாகக் கண்ணுக்குத் தெரியும். 940 என்றால் தெரியவே தெரியாது, தூரம் குறைவு. வீட்டுத் தோட்டத்துக்கு 940 எடுங்கள்.

அப்புறம் ஒன்று, கேமரா முன்னால் வாழைப்பழம் வைத்து அழைக்கும் வேலை வேண்டாம். இங்கே வனவிலங்குக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். கூண்டு வைத்துப் பிடிப்பதும் கூடாது. முசாங்தான் என்று உறுதியானால் கூரையைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள். ஓட்டைகளை அடைப்பதற்கு முன் உள்ளே குட்டி இருக்கிறதா என்று பாருங்கள், குட்டியை உள்ளே வைத்து அடைத்தால் தாய் கூரையையே பிராண்டி எடுத்துவிடும். கேமரா பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்காதபடியும் கவனித்துக்கொள்ளுங்கள், முசாங்கைவிட அண்டை வீட்டுச் சண்டை பெரிய தொல்லை.

கேள்வி: புதிதாக வாங்கிய கேமராவை மழைக்குப் பயந்து சமையலறை ஜன்னலுக்கு உள்ளே, கண்ணாடி வழியாக வெளியே பார்க்கும்படி வைத்தேன். ஒரு படம்கூட இல்லை. பழுதா?
– வாசகர், சிராங்கூன்

பதில்: பழுது இல்லை தம்பி, கண்ணாடிதான் காரணம். இந்தக் கேமராவை எழுப்புவது உடல் வெப்பத்தை உணரும் ஒரு சென்சார். அந்த வெப்பக் கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வராது. நமக்கு வெளியே எல்லாம் தெளிவாகத் தெரியும், சென்சாருக்கு அது ஒரு சுவர். தப்பித்தவறி இரவில் படம் எடுத்தாலும் அதன் விளக்கொளியே கண்ணாடியில் பட்டுத் திரும்பி ஒரு வெள்ளைத் திட்டாக நிற்கும். வெளியே வையுங்கள், மழையைத் தாங்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

வெளியே வைத்தபின் எதிர்ப்பிரச்சினை வரும்: நண்பகலில் ஒன்றுமே இல்லாத படங்கள் நூற்றுக்கணக்கில். சென்சார் பார்ப்பது பின்னணிக்கும் உடலுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை. நம் ஊர் வெயிலில் சுவரும் இலையும் உடம்புச் சூட்டுக்குக் காய்ந்துவிடுகின்றன, அதனால் ஆடுகிற இலை விலங்காகத் தெரியும், நிஜ விலங்கு தெரியாமல் போகும். பகலில் வருவதைப் பிடிக்க வேண்டியதில்லை என்றால் மாலை ஏழு முதல் காலை ஏழு வரை மட்டும் வேலை செய்யும்படி நேரம் குறித்துவிடுங்கள். பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள், ரப்பர் விளிம்பில் எறும்பு புகுந்திருக்கிறதா என்று அவ்வப்போது திறந்து பாருங்கள். சாதா அல்கலைன் பேட்டரி தேயத் தேய இரவு வெளிச்சம் மங்கும். லித்தியம் விலை கூடுதல்தான், ஆனால் கடைசிவரை ஒரே மாதிரி உழைக்கும்.

கேள்வி: மெக்ரிச்சி பக்கம் ஒரு மரத்தில் கட்டிவிட்டு வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கலாமா? யாருக்கும் தொந்தரவு இல்லையே.
– வாசகர், ஈசூன்

பதில்: கூடாது. அது மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி இயற்கைக் காப்பகம். தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் அங்கே எதையும் கட்டக் கூடாது, ஆய்வாளர்களே அனுமதி வாங்கித்தான் வைக்கிறார்கள். நடக்கும்போது மரத்தில் ஒரு பச்சைப் பெட்டி கண்ணில் பட்டால் அது அவர்களுடையதாக இருக்கும், திறக்கவும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். புக்கிட் தீமா விரைவுச்சாலை இரண்டாகப் பிரித்த காட்டை இணைக்க 2013இல் கட்டிய 62 மீட்டர் பாலத்தை எறும்புதின்னியும் மரநாயும் பயன்படுத்துகின்றன என்பது இப்படிப்பட்ட கேமராக்களால்தான் தெரிய வந்தது. ஆசை விடவில்லை என்றால் இத்தகைய கணக்கெடுப்புகளுக்குத் தொண்டூழியராகப் பெயர் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: டெக்சஸில் இருக்கும் என் மச்சான் மான் வேட்டைக்கு இதே கேமராவை வைத்திருக்கிறான். மான் வந்தால் அவன் போனுக்கே படம் வருகிறதாம். இது வேட்டையா, என்ன நியாயம்?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: இங்கே நமக்கு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே இந்தச் சண்டை வேட்டைக்காரர்களுக்குள்ளேயே நடக்கிறது. டெக்சஸில் சொந்த நிலத்தில் சோளம் கொட்டி மானை வரவழைப்பதுகூடச் சட்டப்படி சரி, ஆகவே உங்கள் மச்சான்மேல் சட்டப்படி குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அரிசோனா மாநிலம் 2022 ஜனவரி 1 முதல் வேட்டைக்கு உதவியாக இந்தக் கேமராவைப் பயன்படுத்தவே தடை போட்டது. வறண்ட பூமி, தண்ணீர் இருக்கும் இடங்கள் கொஞ்சம். ஒரே குட்டையைச் சுற்றிப் பலர் கேமரா கட்டி, படம் பதிவாகும் கார்டை மாற்ற ஓயாமல் போய் வந்தால் விலங்கு எப்போது தண்ணீர் குடிக்கும்? வேட்டைச் சாதனைகளைப் பதியும் பூன் அண்டு க்ரோக்கெட் சங்கமும், உடனுக்குடன் படம் அனுப்பும் கருவியைப் பார்த்துப் போய்ச் சுட்டதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. முன்கூட்டியே வைத்து எந்த வயது மான்கள் நடமாடுகின்றன, குட்டியோடு திரியும் பெண் எது என்று தெரிந்துகொள்வது வேறு, சோபாவில் உட்கார்ந்து போன் ஒலித்ததும் துப்பாக்கியோடு எழுந்து போவது வேறு. இரண்டாவதை வேட்டை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேள்வி: புலிக்கு வரி இருக்கிறது, படத்தை வைத்து எண்ணிவிடலாம். கருஞ்சிறுத்தையை எப்படி எண்ணுவார்கள்?
– பள்ளி மாணவி, தெம்பனிஸ்

பதில்: அருமையான கேள்வி பாப்பா. ஆமாம், ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இருக்காது. இந்தியாவில் 2018 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து ஏறத்தாழ மூன்றரைக் கோடி படங்கள் எடுத்தார்கள், அதில் புலி இருந்தது 76,651 படங்களில்தான். மலேசியத் தீபகற்பத்துச் சிறுத்தைகளோ ஏறக்குறைய எல்லாமே கறுப்பு. ஆனால் அகச்சிவப்பு ஒளியில் அந்தக் கறுப்புத் தோலுக்குள் இருக்கும் புள்ளிகள் பளிச்சென்று தெரிகின்றன! பகலில் அந்த விளக்கு எரியாதே? திரங்கானுவின் கென்யிர் காட்டில் ஆய்வு செய்தவர்கள் கேமராவின் ஒளியுணரியை மூடிவிட்டார்கள். இருட்டு என்று நினைத்துக் கேமரா பகலிலும் அகச்சிவப்பில் எடுத்தது, அதை வைத்து ஒவ்வொரு சிறுத்தையையும் பிரித்து அடையாளம் கண்டார்கள். 2015இல் அந்த ஆய்வு வெளியானது.

கேள்வி: 48 மெகாபிக்சல் என்று விளம்பரம். நல்லதா?
– வாசகர், ஜூரோங்

பதில்: மலிவுக் கேமராவில் அந்த எண் பெரும்பாலும் சிறிய படத்தை மென்பொருள் ஊதிப் பெரிதாக்கிய கணக்கு; கார்டுதான் சீக்கிரம் நிரம்பும். அதைவிட எவ்வளவு வேகமாக விழித்துக்கொள்கிறது என்று கேளுங்கள், அரை வினாடிக்குள் என்றால் வாங்கலாம்.