ஒரே திராட்சை, ஆறு பாட்டில்: சிரா விருந்து பற்றி உங்கள் கேள்விகள்

ஒரே திராட்சையில் செய்த ஒயினை வெவ்வேறு நாடுகளிலிருந்து வாங்கி, நண்பர்கள் கூடி மதியச் சாப்பாட்டோடு ருசித்துப் பாருங்கள், அதற்கு சிராவைவிடப் பொருத்தமான திராட்சை இல்லை என்று போன இதழில் எழுதியிருந்தேன். செய்து பார்த்தவர்களும் செய்யப்போகிறவர்களும் நிறைய எழுதியிருக்கிறீர்கள். பல வருஷம் ஹோட்டலில் ஒயின் பரிமாறியவள் நான். இதைப் பற்றிப் பேச எனக்குச் சலிக்காது.

*அக்கா, நாங்கள் பத்துப் பேர் சேர்கிறோம். எத்தனை பாட்டில் வாங்குவது? எதை முதலில் திறப்பது?*

ஆறு பாட்டில் போதும். அதற்கு மேல் போனால் ஐந்தாவதற்கும் ஏழாவதற்கும் வித்தியாசம் சொல்ல நாக்கு மறுத்துவிடும். ஒரு பாட்டில் 750 மில்லி. முதல் சுற்றில் ஆளுக்கு 45 மில்லி ஊற்றினால் 450 போகும். மீதி 300 சாப்பாடு வந்தபிறகு மறுபடி ஊற்ற உதவும். இந்த இரண்டாவது சுற்று ரொம்ப முக்கியம், அதைப் பிறகு சொல்கிறேன்.

எந்தெந்த ஊர்? பிரான்ஸின் வடக்கு ரோன் பள்ளத்தாக்கிலிருந்து இரண்டு வேண்டும், அதுதான் சிராவின் பிறந்த வீடு. ஒன்று கோர்னாஸ். கருங்கல் சரிவில் விளைவது. அந்தப் பெயரைப் போட வேண்டுமானால் சிரா தவிர வேறெதையும் சேர்க்கக்கூடாது என்பது அங்கே சட்டம். இன்னொன்று கோட்-ரோட்டி. அதில் வியோன்யே என்ற வெள்ளைத் திராட்சையை 20 சதவீதம் வரை சேர்க்கலாம், ஆனால் சிராவோடு ஒன்றாகவே நொதிக்க வைக்க வேண்டும். பலர் அதில் கொஞ்சமே சேர்ப்பார்கள், சிலர் சேர்ப்பதே இல்லை. சேர்த்த பாட்டில் கிடைத்தால், அந்தக் கொஞ்சம் வாசனையை எப்படித் தூக்கிவிடுகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் புரியும். கோர்னாஸ் முகத்தை இறுக்கி வைத்திருக்கும். கோட்-ரோட்டி கிளாஸை மூக்கருகே கொண்டுபோவதற்குள் வயலட் பூவாக வந்து நிற்கும். இவை கிடைக்காவிட்டால் க்ரோஸ்-எர்மிடாஜ் அல்லது சான்-ஜோசப் வாங்குங்கள், அவை எளிதாகக் கிடைக்கும். எர்மிடாஜ் கிடைத்தால் விடாதீர்கள், மொத்தக் குன்றே சுமார் 135 ஹெக்டேர்தான்.

மூன்றாவது நியூசிலாந்தின் ஹாக்ஸ் பே, அதிலும் கிம்ப்ளட் கிராவல்ஸ் பகுதி. 1867இல் வெள்ளம் வந்து ஆறு தடம் மாறிப் போனபோது வெளியே வந்த வெறும் கூழாங்கல் தரை அது. தண்ணீர் நிற்காது, கொடி பாடுபட்டுத்தான் வளரும். நான்காவது தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்லாண்ட். மீதி இரண்டும் ஆஸ்திரேலியா: குளிர்ந்த கிராம்பியன்ஸிலிருந்து ஒன்று, வெயில் காயும் பரோஸாவிலிருந்து ஒன்று. ஒரே நாட்டுக்குள் இவ்வளவு தூரமா என்று மேசையே வியக்கும்.

வரிசை: குளிர்ந்த ஊர் முதலில், சூடான ஊர் கடைசியில். பரோஸாவை எந்தக் காரணத்துக்காகவும் முன்னால் ஊற்றாதீர்கள். பல பாட்டில்களில் ஆல்கஹால் 14.5 சதவீதத்தைத் தாண்டும், பழமும் நன்றாகக் கனிந்திருக்கும். அதைக் குடித்த வாயில் கோர்னாஸை ஊற்றினால் புளிப்பும் துவர்ப்பும் மட்டும்தான் தெரியும், பாவம் அந்த ஒயின்.

இரண்டு எச்சரிக்கை. ஆறும் இரண்டு மூன்று வருஷ இடைவெளிக்குள் இருக்கட்டும். ஒன்று புதுசு, ஒன்று பதினைந்து வயது என்றால் நீங்கள் ஊரை ருசிக்கவில்லை, வயதைத்தான் ருசிக்கிறீர்கள். அப்புறம், பெட்டிட் சிரா என்று எழுதிய பாட்டிலை எடுத்துவிடாதீர்கள். அது டூரிஃப் என்ற வேறு திராட்சை, சிராவின் பிள்ளை.

*ஷிராஸும் சிராவும் ஒன்றா? பாரசீகத்திலிருந்து வந்தது என்கிறார்களே?*

ஒரே செடிதான், ஆஸ்திரேலியாவில் அதை ஷிராஸ் என்பார்கள். ஷிராஸ் என்ற பாரசீக ஊரின் பெயரை வைத்துக் கிளம்பிய அந்தக் கதை கேட்க அழகாக இருக்கும், உண்மை இல்லை. 1998இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகமும் பிரான்ஸின் மோன்பெல்லியே ஆய்வாளர்களும் மரபணுவைப் பார்த்து, தாய் மோன்டூஸ் பிளான்ஷ், தந்தை டுரேஸா என்று கண்டுபிடித்தார்கள். இரண்டும் தென்கிழக்கு பிரான்ஸின் திராட்சைகள். 1830களில் ஜேம்ஸ் பஸ்பி ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன கொடிகளில் எர்மிடாஜ் குன்றின் கொடியும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபைலோக்ஸரா பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. பரோஸாவுக்கு அது வரவே இல்லை. 1843இல் நட்ட கொடிகள் அங்கே இன்னும் காய்க்கின்றன.

*என் கணவர் கிளாஸை எடுத்ததும் “மிளகு, மிளகு” என்கிறார். கூட இருந்தவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. என் மூக்கில் கோளாறா?*

கோளாறே இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் இதற்குத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன், ஏனென்றால் எத்தனையோ பேர் இந்த ஒரு காரணத்தால் “எனக்கு ஒயின் புரியாது” என்று ஒதுங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

சிராவில் வரும் மிளகு வாசனைக்குக் காரணம் ரோட்டன்டோன் என்ற பொருள். உண்மையான மிளகிலும் அதுவே இருக்கிறது, அதனால் “மிளகு” என்பது கற்பனை அல்ல. ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனம் 2008இல் இதை வெளியிட்டது. சிவப்பு ஒயினில் ஒரு லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். அதாவது ஒரே ஒரு கிராம், ஆறு கோடி லிட்டருக்கு மேல் ஒயினுக்கு மிளகு வாசனை கொடுக்கும்! ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. சோதித்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு, தண்ணீரில் மிக அதிக அளவு கலந்து கொடுத்தும் அந்த வாசனை தெரியவே இல்லை. சமையலறை மிளகில் வேறு பல வாசனைகளும் உண்டு, அதனால் மிளகை அவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். ஒயினில் வரும் இந்த ஒன்று மட்டும் எட்டாது.

பத்துப் பேர் உட்கார்ந்தால் இரண்டு பேர் உங்களைப் போல இருக்கலாம். உங்கள் கிளாஸில் இருப்பது உங்கள் கணவர் கிளாஸில் இருப்பதிலிருந்து வேறான ஒயின் என்றே சொல்லலாம். அதனால் நான் நடத்தும் விருந்துகளில் ஒரு விதி கண்டிப்பாக உண்டு: முதல் ஐந்து நிமிஷம் யாரும் வாய் திறக்கக்கூடாது. ஆளுக்கொரு தாள், தோன்றியதை எழுத வேண்டும். ஒருவர் “மிளகு” என்று சத்தமாகச் சொல்லிவிட்டால் மற்றவர்களும் மிளகைத் தேடத் தொடங்கிவிடுவார்கள், தாங்கள் கண்டதை விட்டுவிடுவார்கள். ஒருமுறை கிராம்பியன்ஸ் பாட்டிலுக்கு மேசையில் எல்லாருமே மிளகு என்று எழுதியிருந்தோம், ஒரு தோழியைத் தவிர. அவர் தாளில் “ஊறிய ஆலிவ், இரும்பு, சிவந்த பிளம் பழத்தின் தோல்” என்று இருந்தது. திரும்ப முகர்ந்தோம். மூன்றும் இருந்தன. மிளகு எங்களுக்கு அவற்றை மறைத்திருந்தது.

இந்தப் பொருள் திராட்சைத் தோலில் சேர்வது. குளிர்ந்த இடம், குளிர்ந்த வருஷம், நிழல் என்றால் அதிகம். கிராம்பியன்ஸில் உள்ள மவுன்ட் லாங்கி கிரான் தோட்டத்தில் ஆராய்ந்தபோது, ஒரே தோட்டத்துக்குள்ளேயே நிலத்தின் அமைப்பைப் பொறுத்து இதன் அளவு இடத்துக்கு இடம் மாறியது. பரோஸா பாட்டிலில் மிளகு அடங்கி, கறுப்புப் பழமும் சாக்லெட்டும் மேலே வருவது இதனால்தான். பக்கத்தில் இருப்பவருக்கு மிளகு எந்தக் கிளாஸில் தூக்கலாக இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்கு என்ன தெரிகிறது என்று அவருக்குச் சொல்லுங்கள். கூடிக் குடிப்பதில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான்.

*ஒரு பாட்டிலைத் திறந்ததும் அழுகிய முட்டை மாதிரி நாற்றம். கீழே கொட்டிவிடலாம் என்றார்கள். சரியா?*

கொட்டவே கூடாது! சிரா காற்றுக்கு ஏங்கும் திராட்சை. காற்றுப் படாமல் செய்தால் கந்தகச் சேர்மங்கள் தங்கிவிடும், எரிந்த ரப்பர், தீக்குச்சி, முட்டை என்று வாசம் வரும். வாயகன்ற ஜாடியில் ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள். பெரும்பாலும் போய்விடும்.

ஈரமான அட்டைப்பெட்டி வாசனை என்றால் அது கார்க் கெட்டது. அது காற்றில் போகாது, நேரம் ஆக ஆகக் கூடும். அந்தப் பாட்டிலை எடுத்துவைத்துவிட்டு, வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுங்கள். குதிரை லாயம் மாதிரி வந்தால் பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. கொஞ்சமாக இருந்தால் சிலருக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. விருந்து வைப்பவர் எல்லாப் பாட்டிலையும் இரண்டு மணி நேரம் முன்னதாகத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டால் மேசையில் பதற்றம் இருக்காது.

*என்ன சமைக்கலாம்?*

முதல் சுற்றில் எதுவும் வேண்டாம், தண்ணீரும் உப்பில்லாத ரொட்டியும் போதும். இரண்டாவது சுற்றுக்குக் கரியில் சுட்ட ஆட்டு இறைச்சியை மிஞ்சியது இல்லை. சிராவிலேயே ஒரு புகை வாசம் உண்டு, இரண்டும் கைகோத்துக்கொள்ளும். சைவம் என்றால் காளானையும் கத்திரிக்காயையும் நன்றாகக் கருகும்வரை வாட்டுங்கள். மிளகாய் காரம் வேண்டாம், ஆல்கஹாலின் எரிச்சலைக் கூட்டிவிடும்.

இப்போது முன்பு சொன்ன இரண்டாவது சுற்று. முதல் சுற்றில் வாயை இறுக்கிப்பிடித்த கோர்னாஸை, கொழுப்பும் உப்பும் சேர்ந்த ஒரு துண்டு இறைச்சியை மென்றபிறகு மறுபடி குடித்துப் பாருங்கள். இறைச்சியின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், உள்ளே ஒளிந்திருந்த பழம் வெளியே வரும். முகம் மாறுவதைப் பார்க்கலாம், குடிப்பவருடையதும்தான். ஒயின் 16 முதல் 18 டிகிரிக்குள் இருக்கட்டும். சூடாகிவிட்டால் பரோஸாவில் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும்.

*லேபிளை மறைத்து மார்க் போட்டோம். பரோஸா முதலிடம், கோர்னாஸ் கடைசி. அப்படியானால் பிரெஞ்சு ஒயினுக்கு வெறும் பெயர்தானா?*

லேபிளை மறைத்தது நல்ல வேலை. மார்க் போட்டதுதான் எனக்கு உடன்பாடில்லை. வாயை நிறைக்கும் ஒயின், பத்து ஒயின் வரிசையாக நிற்கும்போது எப்போதும் முந்தும். அது அதன் குணம், குற்றமில்லை. மாக்ஸ் ஷூபர்ட் 1951இல் ஆஸ்திரேலியாவின் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தில் கிரேஞ்ச் என்ற ஒயினைச் செய்யத் தொடங்கியபோது, நீண்ட காலம் தாங்கும் கனமான ஒயினைத்தான் தேடினார். அது ஷிராஸில் முடியும் என்று காட்டினார். பிரான்ஸிலும் ஒரு காலத்தில் எர்மிடாஜ் ஒயினை வாங்கி, மெலிந்த போர்டோ பகுதி ஒயினுக்குத் தெம்பு கொடுக்கக் கலப்பார்கள். ஆக, பலம் சிராவின் ரத்தத்திலேயே இருக்கிறது. ஊர்தான் அதை அடக்கவோ அவிழ்த்துவிடவோ செய்கிறது.

மார்க்குக்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள்: சாப்பாடு முடிந்தபிறகு எந்தப் பாட்டில் முதலில் காலியாயிற்று என்று பாருங்கள். நான் இருந்த மேசைகளில் பெரும்பாலும் ஹாக்ஸ் பேயோ கோட்-ரோட்டியோதான். உங்கள் மேசையில் வேறாக இருக்கலாம், எழுதுங்கள்.

*குடித்துவிட்டு வண்டி ஓட்ட முடியாது. நான் வரலாமா?*

கட்டாயம் வாருங்கள், ஆனால் துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும், அதனால் வண்டியை எடுக்காதீர்கள். துப்புவதற்கு ஆளுக்கொரு கோப்பை வைப்பது மரியாதைக் குறைவு இல்லை, தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் துப்பித்தான் ருசிப்பார்கள். முகர்ந்து பார்த்தாலே பாதி விஷயம் கிடைத்துவிடும். சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று யாராவது வற்புறுத்தினால் கேட்காதீர்கள். ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார அமைப்பு 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

*மீதமானதை என்ன செய்வது?*

மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள் வரை தாங்கும். மறுநாள் எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுக் குடியுங்கள். பரோஸா கொஞ்சம் தளர்ந்திருக்கும், அதை முதலில் முடித்துவிடுங்கள். கோர்னாஸ் பல நேரம் முதல் நாளைவிட நன்றாக இருக்கும். மார்க் போட்டு அதைக் கடைசி இடத்தில் வைத்தவர்கள், முந்தைய நாள் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடித்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.