கிட்டார் கேள்வி பதில்: வாசிக்காத கிட்டாரையும் உப்புக்காற்று விடாது

கேள்வி: அண்ணே, சர்ச் பாட்டுக்குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். துபாயிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் தன் எலெக்ட்ரிக் கிட்டாரை விற்கிறார். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவம்தான், ஆனால் புது மாதிரி: 22 ஃப்ரெட் (நெக்கில் பதித்த உலோகப் பட்டைகள்), பிரிட்ஜ் (உடலில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பாகம்) பக்கம் ஹம்பக்கர் (இரண்டு காயில் கொண்டு ஒலி பிடிக்கும் பிக்அப்). அதிகம் வாசிக்கவே இல்லை என்கிறார். எங்கள் மாஸ்டரோ பழைய மாதிரிதான் நல்லது என்கிறார். வாங்கலாமா?
- வாசகர், தங்கச்சிமடம்

பதில்: வாங்கலாம் தம்பி. ஆனால் முதுகுப்பக்கத்து மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மாஸ்டர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 1954-இல் ஃபெண்டர் கொண்டுவந்த அந்த வடிவம், நெஞ்சோடு ஒட்டி உட்காரும் சரிவு, மூன்று சிங்கிள் காயில் பிக்அப், எல்லாமே இன்றைக்கும் அழகுதான். ஆனால் அந்தக் காலத்து ஃப்ரெட்போர்டுக்கு வளைவு அதிகம், ஆரம் 7.25 அங்குலம். ஸ்ட்ரிங்கைத் தாழ்வாக வைத்து மேல் ஃப்ரெட்டில் பக்கவாட்டில் இழுத்தால் சத்தம் அமுங்கிவிடும். இப்போது வருபவை பெரும்பாலும் 9.5 அல்லது 12 அங்குலம், ஆரம் கூடக்கூட வளைவு குறையும். தாராளமாக இழுக்கலாம். அப்புறம், சர்ச்சில் டியூப்லைட்டும் மைக்செட்டும் ஒன்றாக ஓடும்போது சிங்கிள் காயில் 'ம்ம்ம்' என்று இரையும். ஹம்பக்கரில் இரண்டு காயில் எதிரெதிராகச் சுற்றியிருப்பதால் அந்த இரைச்சல் அடங்கிவிடும். உங்கள் வேலைக்குப் புது மாதிரியே பொருத்தம் என்பேன்.

'அதிகம் வாசிக்கவில்லை' என்ற பேச்சைத்தான் நம் கடற்கரையில் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பாம்பனிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் என் பட்டறைக்கு வரும் கிட்டார்களில், ஃப்ரெட்டில் ஒரு தடம்கூட இருக்காது, ஆனால் பிரிட்ஜ் முழுக்க துரு. கடல் பார்த்த சுவரில் சும்மா தொங்கியதுதான் காரணம். தினமும் வாசித்துத் துடைத்து வைத்தது இதைவிட நன்றாக இருக்கும்.

ஒரு மெல்லிய ஆலன் கீ கொண்டுபோங்கள். பிரிட்ஜில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் உட்காரும் குட்டித் துண்டுதான் சேடில், ஒவ்வொன்றிலும் உயரம் வைக்க இரண்டு பொடி ஸ்க்ரூ இருக்கும். விற்பவரிடம் சொல்லிவிட்டு ஆறு சேடிலிலும் லேசாகத் திருப்புங்கள். துருவேறி இறுகியிருந்தால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள், ஆலன் கீ போகும் குழி உருண்டுவிடும். அதன்பின் ஸ்ட்ரிங் உயரத்தை மாற்றுவது பெரும்பாடு. முதுகு மூடிக்குள் ஸ்பிரிங்குகளைப் பாருங்கள். செம்பழுப்புப் பொடி உதிர்ந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். புது மாதிரிகளில் ட்ரெமோலோ பிரிட்ஜ் (கைப்பிடியை அழுத்தினால் ஆடிச் சுருதியை அசைக்கும் பிரிட்ஜ்) பெரும்பாலும் இரண்டு தூண்மேல்தான் ஆடும். தூணைத் தொடும் அந்தக் கத்திமுனை அரித்திருந்தால் ட்யூனிங் நிற்காது. ட்ரெமோலோ கைப்பிடியை ஒருமுறை அழுத்தி விடுங்கள், மூன்றாவது ஸ்ட்ரிங் பழைய சுருதிக்குத் திரும்புகிறதா என்று ட்யூனரில் பாருங்கள். ஆம்ப்பில் மாட்டி வால்யூம் குமிழைத் திருகும்போது வரும் கரகரப்பு பெரிய விஷயமில்லை, கான்டாக்ட் கிளீனர் போதும். ஸ்ட்ரிங் கறுத்திருந்தாலும் கவலை வேண்டாம், எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள்.

நெக்கைத் தலைப்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடி நேர்கோட்டில் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கொஞ்சம் வளைவது சகஜம், நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பி திரும்பினால் சரி செய்யலாம். திரும்பவில்லை என்றால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

வாங்கியபின் பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள், ஈரம் ஏறினால் மாற்றுங்கள். வாரம் முழுக்க சர்ச்சிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.