கைப்பேசிக்கு எல்லைக்கோடு தெரியாது: பயணத்தில் இணையம், வாசகர் கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் எனக்கு வரும் கேள்விகளின் போக்கே மாறிவிடும். "வீட்டு வைஃபை ஏன் இப்படி இழுக்கிறது?" என்று கேட்பவர்கள் காணாமல் போய், "ஊருக்குப் போகிறோம், எந்த சிம் போடுவது?" என்பவர்கள் வரிசை கட்டி நிற்பார்கள். தனித்தனியாகப் பதில் எழுதிக் கை வலிக்கிறது. அதனால் அடிக்கடி வரும் சிலவற்றை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

படிக்கும்போது ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணத்தைத் தீர்மானிப்பது உங்கள் போன் எந்த டவரைப் பிடித்திருக்கிறது, எந்த சிம்மின் பேரில் பிடித்திருக்கிறது என்பதுதான். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. கீழே வரும் பாதிக் குழப்பங்களுக்கு இதுவே காரணம்.

நான் ஜோகூர் பக்கம் போகவே இல்லை. உட்லண்ட்ஸ் கடற்கரைப் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது "மலேசியாவுக்கு நல்வரவு" என்று குறுஞ்செய்தி வந்தது. பணம் பிடிப்பார்களா?
*உட்லண்ட்ஸ் வாசகர்*

பிடிக்கலாம். நடந்தது இதுதான்: சிங்கப்பூரையும் மலேசியாவின் ஜோகூரையும் இணைக்கும் கடற்பாலமே ஒரு கிலோமீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். ஜோகூர்க் கரையில் இருக்கும் டவரின் அலைக்குக் குறுக்கே நிற்க அங்கே அடுக்குமாடி இல்லை, மரம் இல்லை, வெறும் தண்ணீர்தான். நம் பக்கத்து சிக்னல் ஒரு நிமிடம் பலவீனமானால் போதும், போன் அக்கரை டவரிடம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டபின் அந்த சிக்னல் நன்றாக இருக்கும்வரை எளிதில் விடாது. நீங்கள் பூங்காவை விட்டு வீட்டுக்கு வந்து காபி போடும்போதும் மலேசியாவிலேயே இருக்கும்.

குறுஞ்செய்தி வந்ததற்கு மட்டும் யாரும் காசு கேட்கமாட்டார்கள். டேட்டா ரோமிங், அதாவது வெளிநாட்டு டவர் வழியாக டேட்டா எடுக்கும் வசதி, திறந்திருந்தால்தான் ஆபத்து. பின்னணியில் ஓடும் செயலிகள் உங்களைக் கேட்டா டேட்டாவை எடுக்கின்றன? இப்போது பல திட்டங்களில் மலேசிய ரோமிங் டேட்டா சேர்ந்தே வருகிறது, அதனால் முதலில் உங்கள் திட்டத்தைப் பாருங்கள். சேராதிருந்தால் டேட்டா ரோமிங்கை மூடியே வையுங்கள்.

அந்த வட்டாரத்திலேயே குடியிருப்பவர்களுக்கு இன்னொரு வழி. போனின் அமைப்புகளில் நெட்வொர்க் தேர்வு என்று இருக்கும். "தானியங்கி" என்பதை அணைத்தால் அருகில் கிடைக்கும் நெட்வொர்க்குகள் பட்டியலாக வரும், அதில் உங்களுடையதைத் தொட்டுவிடுங்கள். அப்புறம் அது வேறெங்கும் போகாது. ஆனால் உண்மையிலேயே ஜோகூர் போகும் நாளில் மறக்காமல் தானியங்கிக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் சிக்னலே இல்லாமல் நின்றுகொண்டு என்னைத் திட்டுவீர்கள்.

சுங்கை பூலோ, கிராஞ்சி, புலாவ் உபின் எல்லா இடத்திலும் இதே கதை. பாத்தாம் படகில் ஏறினால் பாதி வழியிலேயே இந்தோனேசிய டவர் வந்துவிடும். போனின் மேல்மூலையில், அல்லது திரையை மேலிருந்து இழுத்தால், நெட்வொர்க் பெயர் தெரியும். சந்தேகம் வந்தால் அங்கே பாருங்கள். வேறு பெயர் இருந்தால் விமான முறையைப் போட்டுப் பத்து விநாடி கழித்து எடுங்கள், பெரும்பாலும் வீடு திரும்பிவிடும்.

மன்னார்குடியிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஒரு மாதம் தங்க வருகிறார்கள். இங்கே சிம் வாங்கிப் போட்டால் வாட்ஸ்அப் போய்விடும் என்று பயப்படுகிறார்கள்.
*ஜூரோங் வெஸ்ட் வாசகி*

போகாது. வாட்ஸ்அப் பதிவு செய்த எண்ணோடு கட்டுப்பட்டது, போனுக்குள் எந்த சிம் கிடக்கிறது என்பதோடு இல்லை. புது சிம் போட்டதும் "எண்ணை மாற்றவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். அவ்வளவுதான். ஊர்ச் சொந்தங்களின் குழுக்கள், காலை வணக்கப் படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கும்.

பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இரண்டு சிம் இடம் உண்டு. இந்திய சிம்மை வெளியே எடுக்காமல், இங்கே வாங்குவதை இரண்டாவது இடத்தில் போடுங்கள். டேட்டாவுக்கு இங்குள்ளது, இந்திய சிம்மில் டேட்டா ரோமிங் அணைப்பு. அந்த சிம் எதற்கு என்றால் ஊர் வங்கியின் ஓடிபிக்கு. அது இங்கே வரவேண்டுமென்றால் வெளிநாட்டு ரோமிங் வசதியை ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே இயக்கியிருக்க வேண்டும், ரீசார்ஜ் காலமும் முடியாமல் இருக்க வேண்டும். இங்கே வந்தபின் அதைச் செய்வது பெரும்பாடு.

ஒரே ஒரு சிம் இடம் உள்ள போனாக இருந்தால் எடுத்த சிம்மைக் கடவுச்சீட்டின் பின்னட்டையில் செல்லோடேப் போட்டு ஒட்டிவிடுங்கள். என் மாமா ஒருவர் சிம்மைப் பர்ஸில் சில்லறைக்கு நடுவே போட்டுவைத்தார். ஊர் திரும்பும் நாளில் அது எந்த உணவங்காடிக் கடைக்காரரிடம் போய்ச் சேர்ந்ததோ, இன்றுவரை தெரியாது.

வாங்குவதற்குக் கடவுச்சீட்டு கட்டாயம். ஒருவர் பெயரில் அதிகபட்சம் 3 ப்ரீபெய்டு சிம்தான். சாங்கி விமான நிலையத்திலேயே வாங்கலாம், அவசரமில்லையென்றால் தேக்கா பக்கம் நடந்து நாலு கடையில் கேட்டும் வாங்கலாம். தமிழிலேயே எல்லாம் முடிந்துவிடும்.

முக்கியமான ஒன்று. அம்மாவிடம் பழைய பட்டன் போன் இருந்தால் அதை நம்பிக் கொண்டுவர வேண்டாம். இந்தியாவில் 2ஜி இன்னும் ஓடுகிறது. இங்கே 2017லேயே மூடிவிட்டார்கள், 3ஜியையும் 2024இல் மூடத் தொடங்கிவிட்டார்கள். அந்த போனுக்குப் பிடித்துக்கொள்ள இந்த ஊரில் டவரே இல்லை, மணி பார்க்க மட்டும் பயன்படும்.

குலதெய்வக் கோயில் திருவிழாவுக்கு மூன்று வாரம் தமிழ்நாடு போகிறோம். ரோமிங்கா, இ-சிம்மா, அங்கேயே சிம் வாங்குவதா?
*செங்காங் வாசகர்*

ஒரு வாரத்துக்குள் என்றால் இங்கிருந்தே ரோமிங் திட்டம் எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள் என்பேன். மூன்று வாரத்துக்கு அங்குள்ள சிம்தான் கட்டுப்படியாகும். நாளுக்கு 1.5 ஜிபி, 28 நாள் என்ற மாதிரித் திட்டங்கள் அங்கே சாதாரணம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் விசா நகல், புகைப்படம், சில படிவங்கள், கொஞ்சம் பொறுமை எல்லாம் தேவைப்படும். இயங்கத் தொடங்க நேரமும் ஆகும். அதனால் இறங்கிய முதல் நாளுக்காவது ரோமிங்கோ இ-சிம்மோ (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே நிறுவும் சிம்) கையில் இருக்கட்டும். திருச்சியில் இறங்கி, அழைத்துப்போக வந்த வண்டிக்காரரைத் தேட இணையம் இல்லாமல் அல்லாடியவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

சிங்கப்பூர் சிம்மைக் கழற்றாதீர்கள். அந்த இணைப்பை இயக்கத்திலேயே விட்டு, டேட்டா ரோமிங்கை மட்டும் மூடுங்கள். குறுஞ்செய்தி வரும். அழைப்பை எடுத்தால் காசு, எடுக்காமல் விடுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: இரண்டு இணைப்புக்கும் இடையே டேட்டாவைத் தானே மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் ஒரு பொத்தான் மொபைல் டேட்டா அமைப்புக்குள் இருக்கிறது. அதை அணைக்காவிட்டால் இந்திய சிக்னல் மங்கும்போது சிங்கப்பூர் சிம்மில் டேட்டா ஓடும் வாய்ப்பு உண்டு.

வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஈ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு உள்ளவர்கள், போனிலேயே பணம் செலுத்தும் இந்திய முறையான யூபிஐக்காகவே இந்திய எண் வாங்க வேண்டியதில்லை. 2023 முதல் சிங்கப்பூர் எண்ணையும் இணைக்க வழி திறந்திருக்கிறது. உங்கள் வங்கி செய்து தருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியே வைஷ்ணோதேவி வரை போகும் எண்ணம் இருந்தால் ஒரு சிக்கல்: ஜம்மு காஷ்மீரில் வெளிமாநில ப்ரீபெய்டு சிம்கள் வேலை செய்யாது. சென்னையில் வாங்கிய சிம் கோயில் மலையடிவாரத்துக் கட்ராவில் ஊமையாகிவிடும். போஸ்ட்பெய்டு வைத்திருக்கும் உறவினரை உடன் அழைத்துப் போங்கள்.

வியாபார வேலையாகக் குவாங்சோ போயிருந்தேன். ஹோட்டல் வைஃபையில் வாட்ஸ்அப், கூகுள் எதுவும் இல்லை. சிங்கப்பூர் ரோமிங்கில் எல்லாம் ஓடியது. ஒரே அறை, ஒரே போன். எப்படி?
*சிராங்கூன் சாலை வாசகர்*

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. ரோமிங்கில் இருக்கும்போது அந்த ஊர் டவர் உங்கள் டேட்டாவை அந்த ஊர் இணையத்தில் விடுவதில்லை. பூட்டிய மூட்டையாகக் கட்டி, பெரும்பாலும் நேராக உங்கள் சிங்கப்பூர் நிறுவனத்துக்கே அனுப்பிவிடும். மூட்டை பிரிவது இங்கேதான், கூகுளைத் தேடிப் போவதும் இங்கிருந்துதான். ஹோட்டல் வைஃபையோ சீனாவுக்குள்ளேயே மூட்டையைப் பிரிக்கிறது, அதனால் அங்குள்ள தடுப்புச் சுவரில் மோதுகிறது. அங்கேயே சிம் வாங்கியிருந்தாலும் மோதியிருக்கும்.

இதனால் ரோமிங்கில் நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் இணையத்தின் கண்ணுக்குச் சிங்கப்பூரில் இருப்பதாகவே தெரியும். தூரம் சுற்றி வருவதால் வீடியோ அழைப்பில் குரல் சற்றுத் தாமதமாக வருவதும் இதனால்தான். டவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மலிவான பயண இ-சிம்களில் ஒரு வேடிக்கை உண்டு. மூட்டை பிரியும் இடம் சிங்கப்பூராகவும் இருக்காது, நீங்கள் போன நாடாகவும் இருக்காது, சம்பந்தமில்லாத மூன்றாவது நாடாக இருக்கும். பாங்காக்கில் உட்கார்ந்துகொண்டு புரியாத ஐரோப்பிய மொழியில் விளம்பரம் பார்த்திருக்கிறீர்களா? அதுதான். விளம்பரம் போனால் போகட்டும். வங்கிச் செயலி "இது யார் புது இடத்திலிருந்து?" என்று மிரண்டு உள்ளே விட மறுக்கலாம். பணம் அனுப்பும் வேலை இருந்தால் அந்த நேரத்துக்கு மட்டும் சிங்கப்பூர் ரோமிங்குக்கு மாறிவிடுவது என் வழக்கம்.

ஜப்பானுக்கு "அன்லிமிடெட்" இ-சிம் வாங்கினோம். முதல் நாள் பறந்தது, மதியத்துக்கு மேல் படம் கூடத் திறக்கவில்லை. ஏமாற்றா?
*பொங்கோல் வாசகி*

பொடி எழுத்தைப் படிக்காமல் விட்டிருப்பீர்கள். நாளுக்கு இவ்வளவு ஜிபி வரை முழு வேகம், அதற்கு மேல் வேகக் குறைப்பு என்று அதில் இருக்கும். சிலவற்றில் 128 கேபிபிஎஸ் வரை இறக்கிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3 எம்பி படம் ஒன்று வர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். எழுத்துச் செய்தி மட்டும் தட்டுத் தடுமாறி வரும். எல்லையில்லை என்பது அளவுக்கு, வேகத்துக்கு இல்லை. அடுத்த முறை எத்தனை ஜிபிக்குப் பிறகு, எந்த வேகத்துக்கு இறங்கும், ஹாட்ஸ்பாட் விட அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பிள்ளைகளின் டேப்லெட்டுக்கும் சேர்த்து வாங்குகிறவர்களுக்குக் கடைசிக் கேள்விதான் முக்கியம்.

போனில் இ-சிம் வசதி உண்டா என்று தெரியவில்லையென்றால் *#06# அழுத்துங்கள். வரும் எண்களில் ஈஐடி என்று ஒன்று இருந்தால் உண்டு. வீட்டு வைஃபையில் இருக்கும்போதே நிறுவிவிடுங்கள். இறங்கிய இடத்தில் இணையம் வாங்க இணையம் தேவைப்பட்டால் என்ன செய்வீர்கள்? கியூஆர் குறியீட்டை வேறு திரையில் காட்டியோ அச்சிட்டோ ஸ்கேன் செய்வது எளிது. நிறுவியதை இடையில் அழித்துவிடாதீர்கள், பல இ-சிம்களை ஒருமுறைதான் நிறுவ முடியும்.

மரினா பேயிலிருந்து உல்லாசக் கப்பலில் போகிறோம். ஆசிய ரோமிங் திட்டம் போதுமா?
*பிடோக் வாசகர்*

போதாது. கரை மறைந்ததும் கப்பலே தனக்கென்று ஒரு டவரை இயக்கும். அது செயற்கைக்கோள் வழியாகப் பேசும், கட்டணமும் வானத்தில்தான். அது எந்த நாட்டின் கணக்கிலும் வராததால் "ஆசியா" திட்டத்துக்கு வெளியே நிற்கும். இத்தனையும் தெரிந்த நானே ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் ரோமிங்கை மூட மறந்தேன். காலையில் எழுந்தபோது போன் தானாகவே செயலிகளைப் புதுப்பித்து முடித்திருந்தது. மாதக் கடைசியில் வந்த பில் நூறு வெள்ளியைத் தாண்டியது. வாடிக்கையாளர் சேவையில் அரைமணி நேரம் பாட்டு கேட்க வைத்துவிட்டு, "விதிமுறையில் இருக்கிறது சார்" என்றார்கள். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். கப்பலில் ஏறியதும் விமான முறை, அப்புறம் தேவைப்பட்டால் கப்பலின் வைஃபை மட்டும்.

விமானத்திலும் அப்படித்தான், சில விமானங்களில் மொபைல் டவர் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் போகிறவர்கள் அதன் உறுப்பினர் திட்டமான கிரிஸ்ஃப்ளையரில் சேர்ந்துவிடுங்கள், சேர்வது இலவசம். 2023 ஜூலை முதல் உறுப்பினர்களுக்கு எகானமியிலும் வைஃபை இலவசம்.

ஐந்து பேர் குடும்பம். பாக்கெட் வைஃபை வாடகைக்கு எடுக்கலாமா?
*தெம்பனிஸ் வாசகி*

பாக்கெட் வைஃபை என்பது எல்லாருக்கும் வைஃபை பரப்பும் கையடக்கக் கருவி. ஐந்து பேரும் ஒன்றாகவே திரிவீர்கள் என்றால் லாபம். கடைத்தெருவில் நீங்கள் ஒரு பக்கம், கணவர் ஒரு பக்கம் என்றால் கருவி யார் பையில் இருக்கிறதோ அவருக்கு மட்டும் இணையம். அதற்கும் சார்ஜ் போட வேண்டும். லித்தியம் பேட்டரி என்பதால் அதையும் பவர்பேங்கையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது.

ஐந்து நாளைக்கு எத்தனை ஜிபி வேண்டும்?
*பலர்*

வரைபடம், வாட்ஸ்அப், வண்டி பிடிப்பது, கொஞ்சம் முகநூல் என்றால் 5 ஜிபி தாராளம். நெட்ஃபிளிக்ஸ் எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை விழுங்கும், படத்தை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு போங்கள். கூகுள் மேப்பில் அந்த ஊரையும் இறக்கிக்கொள்ளலாம், சிக்னல் இல்லாத மலைப்பாதையிலும் வழி காட்டும். ஆனால் டேட்டா காலியாகிவிட்டது என்று எனக்கு வரும் புகார்களில் பெரும்பாலும் குற்றவாளி படம் பார்த்த பிள்ளை இல்லை, கோயில் கோபுரத்தை நாற்பது கோணத்தில் எடுத்த அப்பாதான். அத்தனையையும் போன் அன்று மாலையே கிளவுடுக்கு ஏற்றியிருக்கும். படங்கள் வைஃபையில் மட்டும் ஏறட்டும் என்ற பொத்தானைக் கிளம்பும் முன் தட்டிவிடுங்கள்.