பாக்கி வைத்த கம்பெனி திவாலானால் சரக்கு கொடுத்தவர் என்ன செய்யலாம்?

6 லட்சம் பாக்கி வைத்த கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போய்விட்டது, வழக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது முடியாது. திவால் வழக்குகளை விசாரிக்கும் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் மனுவை ஏற்றதிலிருந்து கம்பெனி மீதான வழக்கு, ஜப்தி எல்லாவற்றுக்கும் தடை. அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள். பத்திரிகை அறிவிப்பில் உள்ள கடைசித் தேதிக்குள் இன்வாய்ஸ், டெலிவரி சலான், பேங்க் ஸ்டேட்மென்ட்டுடன் ‘பி’ படிவத்தை (சரக்கு கொடுத்தவர்கள் பாக்கியைக் கேட்கும் படிவம்) தீர்வு நிபுணருக்கு, அதாவது திவால் நடவடிக்கையை நடத்த நியமிக்கப்பட்டவருக்கு, அனுப்புங்கள். நிறையப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான்.

அப்புறம், அவர்கள் கொடுத்த செக் திரும்பியிருந்தால் கையெழுத்துப் போட்ட இயக்குநர் மீது வழக்கு நடத்தலாம். தடை கம்பெனிக்குத்தான், அவருக்கு இல்லை என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செக் திரும்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் பணம் கேட்டு நோட்டீஸ் போயிருக்க வேண்டும்.

முழுத் தொகையும் வரும் என்று உங்களை நம்பவைக்க எனக்கு மனமில்லை. கம்பெனி கலைப்புக்கு, அதாவது சொத்தை விற்றுக் கணக்கை முடிக்கும் கட்டத்துக்குப் போனால், நடவடிக்கைச் செலவு போக, அடமானம் வாங்கிய வங்கிகளும் தொழிலாளர்களின் 24 மாத பாக்கியும் முதலில். சரக்கு கொடுத்தவர்கள் அரசு வரிக்கும் பின்னால்தான்.