வாசகர் கேள்வி – பதில்: வளவும் தூணும் வரைய எந்தக் கிராஃபிக்ஸ் கார்டு?

கேள்வி: செட்டிநாட்டுப் பழைய வீடுகளை அளந்து, பிளெண்டர் மென்பொருளில் முப்பரிமாணமாக வரைந்து, அவற்றைப் புதுப்பிக்க விரும்பும் உரிமையாளர்களுக்குப் படங்களாகவும் சிறு காணொளிகளாகவும் தயாரித்துக் கொடுக்கிறேன். என் கணினி சற்றுப் பழையது. அதன் மதர்போர்டில், கார்டு தரவைப் பரிமாறிக்கொள்ளும் இணைப்பு வழியான பிசிஐஇ, மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்தது. 12 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060, 8 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 4060 ஆகிய இரண்டும் எனக்கு ஏறத்தாழ ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. புதியதுதான் வேகம் என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்?
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: கடைக்காரர் சொல்வதில் தவறில்லை. 2021 பிப்ரவரியில் வந்த 3060-இல் 3584 கணக்கீட்டு மையங்கள் இருக்கின்றன. 2023 ஜூனில் வந்த 4060-இல் 3072 மட்டுமே. எண்ணிக்கை குறைந்தாலும், முன்னது 1777 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட, பின்னது 2460 வரை ஓடுகிறது. மையங்களின் எண்ணிக்கையை ஓட்ட வேகத்தால் பெருக்கிப் பார்த்தால், 4060 ஏறத்தாழ 19 விழுக்காடு முன்னால் நிற்கும். சராசரியாக 20 விழுக்காடு வேகம் கூடும் என்று இவற்றை உருவாக்கிய என்விடியா நிறுவனமே விளையாட்டுகளை வைத்துச் சொன்ன கணக்கும் இதை ஒட்டியே வருகிறது. பிளெண்டரிலும், காட்சி முழுவதும் கார்டின் நினைவகத்துக்குள் அடங்கும்வரை, 4060 வேலையை முன்னதாக முடித்துவிடும்.

ஆனால் நீங்கள் வரைவது செட்டிநாட்டு வீடு. கண்ணாடியின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிக் கையால் செய்யப்படும் ஆத்தங்குடித் தரைக்கல்லில் ஒன்றைப்போல் இன்னொன்று இருப்பதில்லை என்பதால், ஒரே ஒரு கல்லின் படத்தை எடுத்து வளவு முழுவதும் பரப்பினால் அது போலி என்பது அந்த வீட்டு ஆச்சிக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். ஆகவே பல கற்களைத் தனித்தனியே படமெடுத்துச் சேர்த்திருப்பீர்கள். தேக்குத் தூண்கள், சுண்ணாம்புப் பூச்சு, நிலைக்கதவின் செதுக்கு வேலை என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் படங்கள் வேண்டும். பக்கத்துக்கு 4096 புள்ளிகள் உள்ள ஒரு வண்ணப் படம், வட்டில் சில மெகாபைட் இடத்தையே பிடித்தாலும், கார்டின் நினைவகத்தில் விரிக்கப்படும்போது 64 மெகாபைட் ஆகிவிடுகிறது. நிறம், மேடுபள்ளம், பளபளப்பு என்று ஒரு பொருளுக்கு மூன்று படங்களை வண்ணப் படங்களாகவே வைத்திருந்தால் 192 மெகாபைட். அப்படி 40 பொருள்கள் சேர்ந்தால் 7680 மெகாபைட், அதாவது 7.5 ஜிபி. வீட்டின் வடிவக் கணக்குகளும் திரைக்காக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும் பங்கும் இன்னும் இதில் சேரவில்லை. 8 ஜிபி இங்கேயே நிரம்பிவிடுகிறது.

நிரம்பிய பிறகு நடப்பதுதான் முக்கியம். ஒன்று, நினைவகம் போதவில்லை என்று சொல்லிப் பிளெண்டர் நின்றுவிடும்; அல்லது மிச்சத்தைக் கணினியின் பொது நினைவகத்தில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போதெல்லாம் மதர்போர்டு வழியாக இழுக்கும். 4060 தன் சொந்த நினைவகத்திலிருந்து நொடிக்கு 272 ஜிபி வரை படிக்க வல்லது. ஆனால் அது மதர்போர்டுடன் 8 தடங்களில் (தரவு போய்வரும் பாதைகளில்) மட்டுமே இணைவதால், உங்களுடைய மூன்றாம் தலைமுறை மதர்போர்டில் அந்த வழியாக நொடிக்குச் சுமார் 8 ஜிபிதான் வரும். முப்பத்துநான்கில் ஒரு பங்கு என்னும் அந்த வேகத்தில், கணக்கில் பார்த்த 19 விழுக்காடு இருந்த இடம் தெரியாமல் போய்விடும். 3060 முழு 16 தடங்களில் இணைவதால் அதே மதர்போர்டில் இரு மடங்கு வழி கிடைக்கிறது. அதைவிட, 12 ஜிபி இருப்பதால் அந்த வழியை நாட வேண்டிய நிலையே அரிதாகத்தான் வரும்.

4060-இன் சிறப்பையும் சொல்லியாக வேண்டும். 3060 உச்சத்தில் 170 வாட் எடுக்கும். 4060 எடுப்பது 115 வாட். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம், மாதத்தில் 25 நாள் முழு வேலை கொடுத்தால், 55 வாட் வேறுபாடு மாதத்துக்கு 14 யூனிட் அளவில் வருகிறது. சித்திரை வெயிலில் அறையின் சூட்டிலும் இந்த வேறுபாடு தெரியும். இருந்தும், படம் பாதியில் நின்றுபோவதைவிட அந்த 14 யூனிட்டைக் கொடுத்துவிடலாம் என்பதே என் கருத்து. உங்களுக்கு 12 ஜிபி 3060-தான் பொருந்தும்.

வாங்குவதற்கு முன், இதுவரை வரைந்ததிலேயே பெரிய வீட்டைத் திறந்து ஒரு படம் எடுத்து, பிளெண்டர் காட்டும் உச்ச நினைவக அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 6 ஜிபியைத் தாண்டாது என்றால் என் விடையை மாற்றிக்கொண்டு 4060-ஐ வாங்குங்கள். பெட்டியில் 12 ஜிபி என்று அச்சிட்டிருக்கிறதா என்பதையும் கட்டாயம் பாருங்கள். 2022-இன் பிற்பகுதியில் 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி வகை ஒன்றும் வந்தது. அதன் நினைவகப் பாதை 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகவும், படிக்கும் வேகம் நொடிக்கு 360 ஜிபியிலிருந்து 240 ஆகவும் குறைக்கப்பட்டிருக்கிறது. பெயரை நம்பி வாங்கினால் இரண்டு பக்கமும் இழப்புதான்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன், இதே இரண்டு கார்டுகளில் 4060 விளையாட்டுகளில் நொடிக்கு இரு மடங்கு ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) தருகிறது என்று ஒப்பீட்டுப் படங்களைக் காட்டுகிறான். அவ்வளவு வேறுபாடு உண்மையிலேயே இருக்கிறதா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அந்த எண்களில் ஒரு பகுதி, கார்டு இடையில் இட்டு நிரப்பும் ஃபிரேம்கள். டிஎல்எஸ்எஸ் 3 என்னும் வசதி, உண்மையில் வரையப்பட்ட இரண்டு ஃபிரேம்களைப் பார்த்து, அவற்றுக்கு நடுவே ஒன்றைக் கணித்துச் சேர்க்கிறது. இந்த வசதி 4060-இல் உண்டு, 3060-இல் இல்லை. திரையில் அசைவு வழுவழுப்பாகத் தெரிவது மெய்தான். ஆனால் மகன் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அதன் விளைவு தெரிவதற்கும் இடையிலான நேரம் அந்த அளவுக்குக் குறைவதில்லை, ஏனென்றால் இடைச்செருகலான ஃபிரேமுக்கு அவர் அழுத்தியது தெரியாது. 4060-இல் அந்த வசதியை நிறுத்திவிட்டு, இரண்டிலும் அதே விளையாட்டு, அதே திரை அளவு, அதே தர அமைப்பு ஆகியவற்றில் எடுத்த எண்களைக் கேளுங்கள். சராசரியோடு, மிக மெதுவாக வந்த ஒரு விழுக்காடு ஃபிரேம்களின் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். விளையாடும்போது படம் திக்குவதை அதுதான் காட்டும். சாதாரண 1080 திரையில் விளையாடுவதற்கு, மின்சாரத்தையும் கருத்தில் கொண்டால், உங்கள் மகன் கேட்கும் 4060 நல்ல தேர்வுதான்.

கேள்வி: பழைய 3060 ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்னும் மின்னணு நாணயத்தின் வழிமுறை மாறும்வரை, பல கார்டுகள் இரவு பகலாக அந்த நாணயத்தை ஈட்டும் வேலையில் ஓடிக்கொண்டிருந்தன. அதனால் மட்டுமே ஒரு கார்டை ஒதுக்க வேண்டியதில்லை; ஆனால் விசிறியும் வெப்பப் பசையும் தேய்ந்திருக்கக்கூடும். விற்பவர் முன்னிலையிலேயே அரை மணி நேரம் முழு வேலை கொடுத்து, வெப்பநிலை ஓர் அளவில் நிலைகொள்கிறதா, திரையில் கோடோ புள்ளியோ தோன்றுகிறதா, விசிறி முனகுகிறதா என்று பாருங்கள். அந்தச் சோதனைக்கு அவர் இசையவில்லையென்றால் வாங்க வேண்டாம்.