ஒரு ஆர்டரை ரத்து செய்யப்போய் எல்லாமே ரத்தானது ஏன்?

கேள்வி: ஆரக்கிள் டேட்டாபேஸின் புரொகிராமிங் மொழியான பிஎல்/எஸ்கியூஎல்லில் ஒரே ஒரு ஆர்டரை ரத்து செய்ய சின்ன புரொசீஜர் எழுதினேன். பாராமீட்டரின் பெயர் ஆர்டர்_ஐடி, டேபிளில் இருக்கும் நெடுவரிசைக்கும் அதே பெயர். டெஸ்ட் சர்வரில் ஓட்டியதும் எல்லா ஆர்டரும் ரத்தாகிவிட்டது, எரர் எதுவும் வரவில்லை. பெயருக்கு முன்னால் பி_ போடச் சொல்கிறார் டீம் லீட். அதெல்லாம் வெறும் அழகுக்குத்தானே?

பதில்: அழகுக்கு இல்லை. டெஸ்ட் சர்வரோடு போனது நல்லதாயிற்று.

உங்கள் அப்டேட் 'வேர் (where) ஆர்டர்_ஐடி = ஆர்டர்_ஐடி' என்ற நிபந்தனையோடு முடிந்திருக்கும். இடது பக்கம் டேபிளுடையது, வலது பக்கம் நான் அனுப்பிய மதிப்பு என்று நினைத்துத்தான் எழுதியிருப்பீர்கள், ஆனால் எஸ்கியூஎல் வாக்கியத்துக்குள் ஒரு பெயரைப் பார்த்தால் ஆரக்கிள் முதலில் அந்த டேபிளில் அப்படி ஒரு நெடுவரிசை இருக்கிறதா என்றுதான் தேடும், இல்லாவிட்டால்தான் வேரியபிள், பாராமீட்டர் பக்கம் திரும்பும். ஆக இரண்டு பக்கமும் நெடுவரிசையே. ஒவ்வொரு வரிசையும் தன் எண்ணைத் தன்னோடே ஒப்பிட்டுப் பொருந்திப் போகிறது. இலக்கணப்படி தவறில்லாததால் கம்பைலரும் தடுக்காது. ஒன்றைப் பெரிய எழுத்தில் எழுதிப் பார்க்கலாமே என்று தோன்றும், அதுவும் உதவாது: இரட்டை மேற்கோளுக்குள் போடாதவரை ஆரக்கிளுக்கு இரண்டும் ஒரே பெயர்.

பி_ஆர்டர்_ஐடி என்று மாற்றினால் சரியாகிவிடும். புரொசீஜர் பெயரைச் சேர்த்து, புள்ளி வைத்து எழுதுவது இன்னும் உறுதியானது, நாளைக்கு யாராவது அதே பெயரில் நெடுவரிசை சேர்த்தாலும் குழப்பம் வராது. டெலீட், அப்டேட் இருக்கும் இடங்களில் நான் அப்படித்தான் எழுதுவேன்.

முன்னொட்டு, உள்ளே இருக்கும் மதிப்பு எண்ணா எழுத்தா என்று சொல்ல வேண்டியதில்லை, அந்தப் பெயர் எங்கே வாழ்கிறது என்று சொன்னால் போதும்: பாராமீட்டருக்கு பி_, லோக்கலுக்கு எல்_, பேக்கேஜ் (புரொசீஜர்களின் தொகுப்பு) அளவில் இருப்பதற்கு ஜி_. இந்தக் கடைசி வகையில் கவனமாக இருங்கள். பேக்கேஜ் வேரியபிள் செஷன் முடியும்வரை மதிப்பை வைத்திருக்கும், கனெக்‌ஷன் பூல் (ஒரே இணைப்பைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்துவது) இருந்தால் முந்தைய பயனர் விட்டுப்போன மதிப்பு அடுத்தவர் கைக்கு வரலாம். கோபால் (COBOL) மொழியிலும் இதே கதைதான், வொர்க்கிங்-ஸ்டோரேஜில் வைத்தது அடுத்த அழைப்பிலும் பழைய மதிப்போடு நிற்கும், லோக்கல்-ஸ்டோரேஜ் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும்.

அப்புறம், அப்டேட் முடிந்த கையோடு எத்தனை வரிசை மாறியது என்று சொல்லும் எஸ்கியூஎல்%ரோகவுண்ட் பாருங்கள். 1 இல்லையென்றால் எக்ஸெப்ஷன் எழுப்பி, மாற்றத்தைத் திரும்பப் பெறும் ரோல்பேக் செய்துவிடுங்கள்.