முழங்கால் வலித்தால் நடையை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 54. படி இறங்கும்போது இரண்டு முழங்கால்களும் வலிக்கின்றன. எக்ஸ்-ரே பார்த்துவிட்டு, தேய்மானம் ஆரம்பித்துவிட்டது என்றார்கள். "இனிமேல் நடக்காதே, இருக்கிற மூட்டையாவது காப்பாற்றிக்கொள்" என்று வீட்டில் சொன்னதால் காலை நடையை நிறுத்திவிட்டேன். இப்போது நாற்காலியிலிருந்து எழுவதே சிரமமாக இருக்கிறது. தினமும் ஓடப் போகும் என் மகளையும் நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: அன்புச் சகோதரி, நடையை நிறுத்திய பிறகு சிரமம் கூடியிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் "காலை அசைக்காதே" என்ற இந்த யோசனையால் முடங்கிப்போனவர்கள் நிறையப் பேர். அதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்து போக வேண்டும். காலை ஊன்றும்போது அழுந்தி, எடுக்கும்போது விரிந்து, பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது போல அது அந்தத் திரவத்தை வாங்கிக்கொள்கிறது. அதாவது நடந்தால்தான் அதற்குச் சாப்பாடு.

அப்புறம் தொடையின் முன்பக்கத் தசை. படி இறங்கும்போது உடம்பின் எடையைத் தாங்கி மெதுவாகக் கீழே விடுவது அதுதான். அது பலவீனமானால் முழங்காலில் பாரம் கூடும். ஏறுவதைவிட இறங்கும்போது பலருக்கு வலி அதிகமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். முப்பது வயதைத் தாண்டிவிட்டாலே தசை சிறுகச் சிறுகக் குறையும். உட்கார்ந்தே இருந்தால் இன்னும் வேகமாகக் குறையும். நாற்காலியிலிருந்து எழ நீங்கள் சிரமப்படுவதற்கு எக்ஸ்-ரேயில் தெரிந்த தேய்மானத்தைவிடத் தசை இளைத்ததே பெரிய காரணமாக இருக்கலாம். படத்தில் நல்ல தேய்மானம் தெரிந்தும் வலியில்லாமல் நடமாடுகிறவர்கள் உண்டு. அதனால் அந்தப் படத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? அதே நாற்காலியில்தான். கொஞ்சம் உயரமான, உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாக எழுந்திருங்கள், அதைவிட மெதுவாக உட்காருங்கள். முதலில் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம், பலம் வந்ததும் கையை விட்டுவிடலாம். ஐந்து முறையில் தொடங்கினால் போதும். நடையை ஒரு வேளைக்குப் பத்து நிமிடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போங்கள். செய்யும்போது லேசாக வலித்தால் நிறுத்த வேண்டியதில்லை. மறுநாள் காலையில் வலி முன்பைவிட அதிகமாக இருந்தாலோ மூட்டு வீங்கியிருந்தாலோ அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், முழுசாக விட்டுவிடாதீர்கள். ஒரு பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்த்துச் சொல்லிக் கொடுத்தால் இன்னும் நல்லது. பலன் தெரிய வாரங்கள் ஆகும், பொறுமையாக இருங்கள்.

படி ஏறும்போது வலி குறைவான காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலி அதிகமான காலை. எடை கூடுதலாக இருந்தால் கொஞ்சம் குறைத்தாலும் பலன் உண்டு. மூட்டுத் தேய்மானத்தோடு உடல் பருமனும் இருந்தவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மீது விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைவது தெரிந்தது. வலியில்லாத சொடக்குச் சத்தத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

சிறு துளை போட்டு மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். தேய்மானத்துக்கு அந்தச் சிகிச்சை பெற்றவர்களையும், தோலை மட்டும் கீறித் தைக்கப்பட்டவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2002-இல் வந்தது. வலியிலோ நடமாட்டத்திலோ இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை.

ஆனால் மூட்டு திடீரென வீங்கிச் சூடாக இருந்தால், கூடவே காய்ச்சல் வந்தால், கால் மடங்கிச் சிக்கிக்கொண்டால், ஊன்றவே முடியாமல் போனால் உடற்பயிற்சியை ஒதுக்கிவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

மகளை ஓடவிடுங்கள். அளவாக ஓடுகிறவர்களுக்கு, ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களைவிட மூட்டுத் தேய்மானம் குறைவாகவே காணப்படுகிறது. அவர் கவனிக்க வேண்டியது காயத்தை. முழங்கால் தசைநார் கிழிந்தவர்களுக்குப் பிற்காலத்தில் தேய்மானம் வரும் வாய்ப்பு அதிகம். அப்படி ஏதாவது ஆனால், வலி போய்விட்டது என்று அவசரமாக ஓடப் போகாமல், தொடைத் தசையில் பழைய பலம் வரும்வரை பயிற்சி செய்யச் சொல்லுங்கள்.